மீண்டும் பதினெட்டு வயது

படையிலிருந்து நடுவயதில் வீடு திரும்பும் தங்கவயல்காரருக்கு அணுமின் நிலைய வேலை ஒரு வழி. அது நல்ல வழியா என்பது அவர் எந்த வாசல் வழியாக உள்ளே போகிறார் என்பதைப் பொறுத்தது.

ஆண்டர்சன்பேட்டையில் வேலை என்ற சொல்லுக்கு ஒரு காலத்தில் ஒரே அர்த்தம்தான்: சுரங்கம். தாத்தா இறங்கிய ஷாஃப்டில் அப்பா இறங்கினார். அப்பாவுக்குப் பின் மகன். 2001 பிப்ரவரி 28-ம் தேதி பாரத் தங்கச் சுரங்க நிறுவனம் மூடப்பட்டதும் அந்த வரிசை அறுந்துபோனது. அதன்பின் ஊருக்குச் சோறு போடுவது பெரும்பாலும் ரயில்தான். பக்கத்து மாரிக்குப்பத்திலிருந்து புறப்படும் ரயில்கள் காலையில் ஆயிரக்கணக்கானோரை நூறு கிலோமீட்டர் தள்ளியிருக்கும் பெங்களூருக்கு ஏற்றிச் சென்று, இரவில் களைத்த முகங்களோடு திருப்பிக் கொண்டுவருகின்றன.

ரயிலில் தினம் தொங்க விரும்பாத இளைஞனுக்கு இன்னொரு வழி உண்டு. அது படை. அதே பெங்களூரில் அல்சூர் ஏரிக்கு அருகே இருக்கிறது மெட்ராஸ் சாப்பர்ஸ் எனப்படும் மெட்ராஸ் பொறியாளர் படைப்பிரிவின் மையம். 1780-ல் தோன்றிய இந்தப் பிரிவின் வீரர்களுக்கு ராணுவத்தில் செல்லப் பெயரே 'தம்பி'கள்தான். பாறையைத் துளைத்தும் வெடி வைத்தும் பிழைத்த ஊரிலிருந்து வரும் பையனுக்குப் பாலம் கட்டுவதும் கண்ணிவெடி அகற்றுவதும் அந்நியமான தொழில் அல்ல.

ஆனால் படை வேலைக்கு ஆயுள் குறைவு. பதினெட்டு வயதில் சேரும் சிப்பாய் முப்பத்தைந்தை ஒட்டி வெளியே வந்துவிடுகிறார். பதவி உயர்ந்து ஹவில்தாரானவர் நாற்பதைத் தாண்டி வருகிறார். கப்பற்படையில் பதினைந்து அல்லது இருபது ஆண்டுகள். பதினைந்து ஆண்டு முடித்தால் ஓய்வூதியம் உண்டு. அது கடைசிச் சம்பளத்தில் ஏறக்குறையப் பாதி. பிள்ளைகள் அப்போதுதான் உயர்நிலைப் பள்ளிக்குப் போகிறார்கள். வீட்டுக் கடன் பாக்கி இருக்கிறது. உழைக்கும் உடம்பும் இன்னும் இருபத்தைந்து ஆண்டுகளுக்குத் தெம்பாக இருக்கிறது. அடுத்து என்ன?

வழக்கமான பதில்கள் நாலைந்து. வங்கியில் துப்பாக்கி ஏந்திய காவலர், பெங்களூர் ஐ.டி. பூங்காவில் செக்யூரிட்டி சூபர்வைசர், ஆட்டோ, சிறு கடை. அதிர்ஷ்டம் இருந்தால் உள்ளூரிலேயே பெமல் தொழிற்சாலை. இந்தப் பட்டியலில் சேரும் இன்னொரு பெயர் அணுமின் நிலையம். கிழக்கே கல்பாக்கம், தெற்கே கூடங்குளம், மேற்கே கர்நாடகத்தின் மறுகோடியில் கைகா. மூன்றையும் நடத்துவது மத்திய அரசின் இந்திய அணுமின் கழகம். சம்பளம் நல்லது, வேலை நிலையானது என்பது ஒரு பக்கம். கதிர்வீச்சு என்ற சொல் மறுபக்கம்.

அணுவை அறிந்த ஊர்

கதிர்வீச்சு பற்றிய பயத்தை மற்ற ஊர்கள் செய்தித்தாளில் படித்துத் தெரிந்துகொண்டன. தங்கவயலுக்கு அணுவோடு நேரடி உறவு உண்டு. 1965-ல் டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனமும், ஜப்பானின் ஒசாகா, பிரிட்டனின் டர்ஹாம் பல்கலைக்கழகங்களும் சேர்ந்து, காஸ்மிக் கதிர்கள் வளிமண்டலத்தில் மோதுவதால் உண்டாகும் நியூட்ரினோக்களை இந்தச் சுரங்கத்தின் ஆழத்தில் கண்டறிந்தன. உலகில் முதன்முதலில் அவற்றைக் கண்ட இரண்டு இடங்களில் இது ஒன்று. மற்றது தென்னாப்பிரிக்காவின் ஒரு தங்கச் சுரங்கம். இது ஊருக்குப் பெருமை.

அடுத்தது அவ்வளவு பெருமையாக முடியவில்லை. 1980-களில் பாபா அணு ஆராய்ச்சி மையம் கைவிடப்பட்ட ஒரு சுரங்கப் பகுதியில், சுமார் ஆயிரம் மீட்டர் ஆழத்தில், பாறைக்குள் மின்சாரச் சூடேற்றிகளை வைத்து எட்டு ஆண்டுகள் சோதனை நடத்தியது. அணுக்கழிவின் வெப்பத்தைப் பாறை எப்படித் தாங்கும் என்று பார்ப்பதே நோக்கம். கதிரியக்கப் பொருள் எதுவும் அங்கே வைக்கப்படவில்லை. ஆனால் 2012 நவம்பரில், கூடங்குளம் வழக்கு உச்ச நீதிமன்றத்தில் நடந்தபோது, கழிவுகளைப் புதைக்கும் இடம் பற்றிய பேச்சில் கோலார் சுரங்கத்தின் பெயர் அடிபட்டது. தங்கவயல் கொதித்தெழுந்தது. ஊர்வலம், கடையடைப்பு, பெங்களூரில் அரசின் எதிர்ப்பு. சில நாட்களில் அப்படி ஒரு திட்டமே இல்லை என்று மத்திய அரசுத் தரப்பு விளக்கம் தந்தது.

இந்த ஊரின் பயத்துக்கு அதைவிடப் பழைய வேர் உண்டு. சாம்பியன் ரீஃப் சுரங்கம் மூன்று கிலோமீட்டருக்கும் மேல் ஆழம் போனது. அங்கே பாறையின் வெப்பம் அறுபது டிகிரிக்கு மேல். பாறை வெடித்துச் சிதறிச் செத்தவர்கள் கணக்கில் வந்தார்கள். கல்தூசி நுரையீரலில் படிந்து கொஞ்சம் கொஞ்சமாகச் செத்தவர்கள் வெகுநாள் கணக்கில் வரவில்லை. சிலிக்கோசிஸ் நோய் இந்தியாவில் முதலில் பதிவானதே இங்கேதான். 1940-களில் ஏழாயிரத்துக்கும் மேற்பட்ட தொழிலாளர்களைச் சோதித்தபோது, பாதிக்குச் சற்றுக் குறைவானவர்களிடம் அந்த நோய் தெரிந்தது. கண்ணுக்குத் தெரியாத ஒன்று உடம்புக்குள் போய் இருபது ஆண்டு கழித்துக் கொல்லும் என்பது இந்த லைன் வீடுகளுக்குப் பாடப்புத்தகச் செய்தி அல்ல. சுவரில் மாலை போட்ட படமாகத் தொங்கும் செய்தி.

ஆகவே, தாத்தா தூசியில் போனார், பேரன் எதற்கு அணு உலைக்கு என்று வீட்டுப் பெரியவர்கள் கேட்டால் அதை அறியாமை என்று தள்ள முடியாது. அந்தக் கேள்விக்கு வேண்டியது நேரான பதில்.

மூன்று வாசல்கள்

பதில் சொல்லும் முன் ஒன்றைப் பிரித்துப் பார்க்க வேண்டும். அணுமின் நிலைய வேலை என்பது ஒரே வேலை அல்ல. முன்னாள் படைவீரர் உள்ளே போக மூன்று வாசல்கள் இருக்கின்றன.

முதல் வாசல், உதவித்தொகையுடன் கூடிய பயிற்சியாளர். இதில் இரண்டு பிரிவு. டிப்ளமோவோ அறிவியல் பட்டமோ உள்ளவர்களுக்கு முதல் பிரிவு. பயிற்சி முடிந்தால் அறிவியல் உதவியாளர். ஐ.டி.ஐ. முடித்தவர்களுக்கும், பிளஸ் டூவில் கணிதமும் அறிவியலும் படித்தவர்களுக்கும் இரண்டாம் பிரிவு; இரண்டு ஆண்டுப் பயிற்சிக்குப் பின் டெக்னீஷியன். ஃபிட்டர், எலெக்ட்ரீஷியன், வெல்டர், மெஷினிஸ்ட், இன்ஸ்ட்ருமென்ட் மெக்கானிக் போன்ற தொழில்களுக்கு ஐ.டி.ஐ. வேண்டும். நிலையத்தை இயக்கும் ஆபரேட்டர் பணிக்கு பிளஸ் டூ போதும். மதிப்பெண் ஐம்பது சதவீதத்துக்குக் குறையக் கூடாது. இந்த வாசலில் நுழைந்தவர் நிரந்தர ஊழியர். குடியிருப்பு, பிள்ளைகளுக்கு அணுசக்தி மத்தியப் பள்ளி, மருத்துவம், பதவி உயர்வு எல்லாம் இதோடு வரும்.

இரண்டாம் வாசல் தீயணைப்பும் காவலும். நிலையத்தின் வெளிவாசலைக் காப்பது மத்தியத் தொழிற் பாதுகாப்புப் படை. தீயணைப்புப் பிரிவு நிலையத்தின் சொந்தப் பிரிவு. ஓட்டுநர், பம்ப் இயக்குபவர், தீயணைப்பாளர் ஆகிய மூன்று வேலையும் ஒருவரே செய்யும் பதவி அதில் உண்டு. இதைச் சாதாரண வேலையாக நினைக்க வேண்டாம். 1993 மார்ச் 31 அதிகாலை உத்தரப் பிரதேசத்தின் நரோரா நிலையத்தில் டர்பைன் தகடு உடைந்து, ஹைட்ரஜன் தீப்பற்றி, கேபிள்கள் எரிந்து, நிலையம் முழுக்க மின்சாரம் போனது. பல மணி நேரம் இருட்டு. அன்று உலையின் வெப்பத்தைத் தணிக்க நீராவிக் கொதிகலன்களுக்குத் தண்ணீர் அனுப்பியது டீசலில் ஓடும் தீயணைப்புப் பம்ப்கள்தான்.

மூன்றாம் வாசல் ஒப்பந்தக்காரர். சாரம் கட்டுவது, பெயின்ட் அடிப்பது, சுத்தம் செய்வது, ஆண்டுப் பராமரிப்புக்காக உலையை நிறுத்தும் வாரங்களில் எடுபிடி வேலை. இந்த வாசல்தான் சுலபமாகத் திறப்பது. விளம்பரம் இல்லை, தேர்வு இல்லை. தெரிந்தவர் சொன்னால் போதும். ஓய்வூதியம் கையில் இருப்பதால் குறைந்த கூலியும் உறைக்காது. அதனாலேயே இது முன்னாள் வீரரை எளிதில் இழுக்கிறது.

வெளியூர்க்காரருக்கு மூன்றும் அணு உலை வேலைதான். ஆனால் முதல் வாசலுக்கும் மூன்றாம் வாசலுக்கும் உள்ள தூரம் தங்கவயல்காரருக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. வட ஆற்காட்டிலிருந்தும் சேலத்திலிருந்தும் இந்த ஊர்த் தொழிலாளிகளின் மூதாதையரை அழைத்துவந்தவர்களே ஒப்பந்தக்காரர்கள்தான். யார் பெயர் எந்தப் பதிவேட்டில், யார் கையில் அந்தப் பதிவேடு என்பதற்காகவே இங்கே சண்டைகள் நடந்தன. 1930-ல் கைரேகை எடுத்துப் பதிவு செய்யும் முறையை எதிர்த்துச் சுரங்கத் தொழிலாளர்கள் மூன்று வாரம் வேலைநிறுத்தம் செய்தார்கள். சுரங்கம் மூடிய பின் நிலுவைக்காக நடந்த நீண்ட போராட்டத்திலும் கேள்வி அதேதான்: பட்டியலில் பெயர் இருக்கிறதா?

வயதுக் கணக்கு

முதல் வாசலுக்கு வயது வரம்பு பொதுவாக 24 அல்லது 25 என்று விளம்பரத்தில் பார்த்ததும் முப்பத்தைந்து வயதுக்காரர் தாளை மடித்து வைத்துவிடுகிறார். அங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். மத்திய அரசு விதிப்படி, முன்னாள் படைவீரர் தன் வயதிலிருந்து படையில் இருந்த ஆண்டுகளைக் கழித்துக்கொள்ளலாம். மிஞ்சும் வயது, வரம்பைவிட மூன்று ஆண்டுக்கு மேல் கூடாமல் இருந்தால் போதும்.

பதினெட்டில் சேர்ந்து பதினேழு ஆண்டு இருந்தவருக்கு முப்பத்தைந்து. பதினேழைக் கழித்தால் பதினெட்டு. இருபத்துநான்கு ஆண்டு இருந்து நாற்பத்திரண்டில் வந்த ஹவில்தாருக்கும் கழித்தால் பதினெட்டு. விதி அவர்களை மீண்டும் பள்ளி முடித்த பையன்களாக்கிவிடுகிறது. ஆனால் சீருடையைக் கழற்றிய நாளிலிருந்து கடிகாரம் ஓட ஆரம்பித்துவிடும். வீட்டில் சும்மா இருக்கும் ஒவ்வொரு ஆண்டும் அந்தப் பதினெட்டில் கூடுகிறது.

இதோடு இட ஒதுக்கீடும் உண்டு. மத்தியப் பொதுத்துறை நிறுவனங்களில் 'சி' பிரிவுப் பதவிகளில் 14.5 சதவீதம் முன்னாள் வீரர்களுக்கு. போரில் இறந்தவர்களின் குடும்பத்தாரும் ஊனமுற்ற வீரர்களும் இதில் அடங்குவர். பணிக்காலம் முடிய ஓராண்டு இருக்கும்போதே விண்ணப்பிக்கலாம். வேலை கிடைத்தால் ஓய்வூதியம் போய்விடுமோ என்ற பயமும் வேண்டாம். அதிகாரி நிலைக்குக் கீழே இருந்து ஓய்வு பெற்றவருக்குச் சம்பளம் நிர்ணயிக்கும்போது படை ஓய்வூதியத்தைக் கணக்கில் எடுப்பதில்லை. இரண்டும் தனித்தனியே வரும்.

ஒரு கண்ணி மட்டும் இருக்கிறது. முன்னாள் வீரர் ஒதுக்கீட்டைப் பயன்படுத்தி ஏதாவது ஒரு நிரந்தர அரசுப் பணியில் சேர்ந்துவிட்டால், அந்த ஒதுக்கீட்டு உரிமை அதோடு தீர்ந்தது. முன்பே விண்ணப்பித்திருந்த மற்ற பணிகளைச் சேரும் இடத்தில் எழுதிக் கொடுத்திருந்தால்தான் விதிவிலக்கு. அவசரத்தில் கிடைத்த முதல் வேலையில் உட்கார்ந்துவிட்டு, ஆறு மாதம் கழித்து நல்ல விளம்பரம் வரும்போது கைபிசைந்து பயனில்லை. தனியார் காவல் வேலைக்கும் தற்காலிக வேலைக்கும் இது பொருந்தாது.

வயதும் ஒதுக்கீடும் கதவைத் திறக்கும். உள்ளே கூட்டிப்போவது தேர்வுதான். கணிதமும் அறிவியலுமே அதில் பெரும்பகுதி. எல்லையில் காவல் நின்றவர் இருபது ஆண்டுக்குப் பிறகு ஓம் விதியையும் வெப்ப அளவையும் மறுபடி படிக்க வேண்டும். எதிரே அமர்ந்து எழுதுபவர் நேற்று ஐ.டி.ஐ. முடித்த பையன். இன்னொரு சிக்கல் சான்றிதழ். ராணுவத் தொழில்களுக்கு இணையான சிவில் தொழில் எது என்று அரசே பட்டியல் வைத்திருக்கிறது. ஆனால் படையில் எலெக்ட்ரீஷியனாக இருந்ததை ஐ.டி.ஐ. சான்றாக ஏற்பார்களா என்பதை ஒவ்வொரு விளம்பரத்திலும் வரிக்கு வரி பார்த்தாக வேண்டும். இந்த வேலைகள் எல்லாம் வீட்டுக்கு வந்த பிறகு ஆரம்பிப்பவை அல்ல. பணியின் கடைசி இரண்டு மூன்று ஆண்டுகளில், முகாமிலேயே ஆரம்பிக்க வேண்டியவை.

கப்பற்படை கற்றுத் தந்த தவறு

படைவீரனுக்கும் அணுமின் நிலையத்துக்கும் பொருத்தம் அதிகம் என்று பொதுவாக நம்பப்படுகிறது. இந்த நம்பிக்கை அமெரிக்காவிலிருந்து வந்தது. அட்மிரல் ஹைமன் ரிக்கோவர் அங்கே அணுசக்தி நீர்மூழ்கிகளையும் உருவாக்கினார். 1957-ல் மின்சாரம் தந்த ஷிப்பிங்போர்ட் நிலையத்தையும் அவரே முன்னின்று கட்டினார். நீர்மூழ்கியில் உலை இயக்கிய மாலுமிகள் ஓய்வுக்குப் பின் நேரே மின் நிலையங்களுக்குப் போனார்கள். அங்கே அது நன்கு மிதிபட்ட பாதை.

அதே பாதையில் ஒரு பள்ளமும் இருந்தது. 1979 மார்ச் 28 அதிகாலை நான்கு மணிக்கு பென்சில்வேனியாவின் த்ரீ மைல் ஐலண்ட் நிலையத்தில் விபத்து. அன்று கட்டுப்பாட்டு அறையைக் கவனித்த நால்வருமே முன்னாள் கப்பற்படைக்காரர்கள். ஒரு வால்வு மூடாமல் சிக்கிக்கொண்டு குளிர்விக்கும் நீர் வெளியேறிக்கொண்டிருந்தது. ஆனால் அழுத்தக் கலனில் நீர்மட்டம் ஏறுவதாக அளவி காட்டியது. அந்தக் கலன் முழுக்க நீரால் நிரம்ப விடவே கூடாது என்பது கப்பற்படையில் அவர்கள் மனத்தில் பதிந்த பாடம். ஆகவே தானாக ஓடத் தொடங்கிய அவசர நீர்ப் பம்ப்களைக் குறைத்துவிட்டார்கள். நீர்மூழ்கியின் சிறிய உலைக்குச் சரியான பாடம்; பல மடங்கு பெரிய மின் நிலைய உலைக்கு அது ஆபத்தானது. உலையின் மையத்தில் ஏறக்குறையப் பாதி உருகிப்போனது.

அவர்கள் சோம்பேறிகளும் அல்ல, கட்டுப்பாடு இல்லாதவர்களும் அல்ல. கற்றதை ஒழுங்காகச் செய்தார்கள். விசாரித்த கெமனி குழு பயிற்சியின் போதாமையைச் சுட்டிக்காட்டியது. படை தரும் ஒழுங்கு மூலதனம்தான். ஆனால் புதிய இடத்தில் பழைய பாடத்தில் சிலவற்றை மறக்கவும் தெரிய வேண்டும். படையில் மேலதிகாரி சொன்னால் செய்வது குணம். அணுமின் நிலையத்தில் அளவி ஒன்று சொல்லி, ஆணை வேறொன்று சொன்னால், நிறுத்திக் கேள்வி கேட்பதுதான் குணம்.

இந்தியாவில் இந்தப் பாதை இன்னும் குறுகலானது. உலை இயக்கிய மாலுமிகள் இங்கே மிகச் சிலர். 1988 முதல் 1991 வரை சோவியத் யூனியனிடமிருந்து குத்தகைக்கு வந்த சக்ரா, 2016-ல் படையில் சேர்ந்த அரிஹந்த் என்று நீளும் வரிசை சிறியது. தங்கவயல் சிப்பாய் அந்த வரிசையில் வருபவர் அல்ல. அவரிடம் இருப்பது டீசல் ஜெனரேட்டரை நள்ளிரவில் பிரித்து மாட்டத் தெரிந்த கை, ஷிப்ட் வேலைக்குப் பழகிய உடம்பு, பதிவேடு எழுதும் பழக்கம். அணு, உயிரியல், ரசாயனத் தாக்குதல் பயிற்சியில் முகமூடி அணிந்த அனுபவமும் ஓரளவு இருக்கும். டெக்னீஷியன் வேலைக்கு இவை போதுமான தொடக்கம். கட்டுப்பாட்டு அறையில் உலையை இயக்க அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் உரிமம் வேண்டும். அது நீண்ட படிப்பு.

எவ்வளவு கதிர், யார் கணக்கில்?

இனி அந்தப் பெரிய பயம். கதிர்வீச்சை மில்லிசீவர்ட் என்ற அலகில் அளக்கிறார்கள். மண்ணிலிருந்தும் வானிலிருந்தும் எல்லோருக்கும் இயற்கையாகவே கிடைப்பது உலக சராசரியில் ஆண்டுக்கு 2.4. வயிற்றுக்கு ஒரு சி.டி. ஸ்கேன் எடுத்தால் சுமார் 10. அணுமின் நிலைய ஊழியருக்கு ஒழுங்குமுறை வாரியம் அனுமதிப்பது ஐந்து ஆண்டில் 100, அதாவது ஆண்டுக்குச் சராசரி 20. எந்த ஓர் ஆண்டிலும் 30-ஐத் தாண்டக் கூடாது. தற்காலிகத் தொழிலாளிக்கு வரம்பு இன்னும் குறைவு: 15.

தூசிக்கும் கதிருக்கும் உள்ள முக்கியமான வித்தியாசம் இங்கே இருக்கிறது. சுரங்கத்தில் ஒருவர் எத்தனை தூசி சுவாசித்தார் என்பதை அவர் சட்டையில் மாட்டிய எதுவும் அளக்கவில்லை. அணுமின் நிலையத்தில் கதிர்ப் பகுதிக்குள் நுழையும் ஒவ்வொருவரும் டி.எல்.டி. பேட்ஜ் அணிகிறார்கள். அது பதிவு செய்யும் அளவு பாபா அணு ஆராய்ச்சி மையத்தின் தேசியப் பதிவேட்டில் அவர் பெயரில் ஏறுகிறது. கண்ணுக்குத் தெரியாத ஆபத்துக்கு ஒரு கணக்குப் புத்தகம் இருக்கிறது. தாத்தா காலத்தில் இல்லாதது அதுதான்.

கணக்கு இருந்தும் தவறுகள் நடக்கின்றன. 2003 ஜனவரியில் கல்பாக்கத்தின் மறுசுத்திகரிப்பு ஆலையில், வால்வு பழுதானது தெரியாமல் வேலை பார்த்த ஆறு ஊழியர்கள் வரம்பை மீறிய கதிர்வீச்சுக்கு ஆளானார்கள். அந்த இடத்தில் எச்சரிக்கைக் கருவி இல்லை. ஊழியர்கள் பாதுகாப்பு கேட்டுப் போராடினார்கள். 2009 நவம்பரில் கைகாவில் குடிநீர்க் குளிரூட்டியில் டிரிட்டியம் கலந்த கனநீரை யாரோ வேண்டுமென்றே கலந்துவிட்டதாக அணுசக்தித் துறை சொன்னது. ஐம்பது பேர் அளவில் அதைக் குடித்திருந்தார்கள். சிறுநீர்ப் பரிசோதனை வழக்கமாக நடந்ததால்தான் அது தெரிந்தது.

இனி ஒப்பந்தத் தொழிலாளியின் கணக்கைப் பாருங்கள். அவரும் கதிர்ப் பகுதியில் பேட்ஜ் அணிகிறார். ஆனால் அளவு வரம்பை எட்டிவிட்டால் என்ன ஆகும்? நிரந்தர ஊழியரை வேறு பிரிவுக்கு மாற்றுவார்கள், சம்பளம் நிற்காது. தினக்கூலிக்காரருக்கு வேலையே நின்றுபோகலாம். அப்போது அவருக்குப் பேட்ஜ் கூலியைப் பறிக்கும் எதிரியாகத் தெரியும். இது கற்பனையல்ல. ஜப்பானில் ஃபுகுஷிமா விபத்துக்குப் பிறகு, 2011 டிசம்பரில், ஒரு துணை ஒப்பந்த நிறுவனம் தன் ஆட்களின் அளவிகளை ஈயத் தகட்டால் மூடச் சொன்னது. அடுத்த ஆண்டு ஜூலையில் அது வெளியே வந்தது. வரம்பை எட்டினால் ஆட்கள் வேலை செய்ய முடியாது என்பதே காரணம். கதிர் எல்லோருக்கும் ஒன்றுதான். கணக்கு உண்மையாக இருப்பது வேலைப் பாதுகாப்பு உள்ளவருக்குத்தான் சுலபம்.

மறுபடியும் வெளியூர்

பணம், உடம்பு தவிர மூன்றாவது ஒன்றும் உண்டு. பதினேழு ஆண்டு மனைவி தனியே பிள்ளைகளை வளர்த்திருக்கிறார். ராஜஸ்தான், சிக்கிம், காஷ்மீர் என்று கணவர் சுற்றியபோது மாமனார் மாமியாரைப் பார்த்துக்கொண்டதும் அவர்தான். இப்போது மறுபடி வெளியூர் என்றால் முகம் சுளிக்காமல் இருப்பாரா?

கல்பாக்கம் பரவாயில்லை. பங்காரப்பேட்டையில் ரயிலேறினால் சென்னை. அங்கிருந்து எழுபது கிலோமீட்டர். பேச்சும் தமிழ். கைகா காளி நதிக்கரையில், மேற்குத் தொடர்ச்சி மலைக் காட்டுக்குள் இருக்கிறது. அதே மாநிலம்தான், ஆனால் கோலாரிலிருந்து போவதென்றால் கர்நாடகத்தின் முழு அகலத்தையும் கடக்க வேண்டும். கூடங்குளம் நாட்டின் தென்கோடி. ஒரு வசதி, இந்த முறை குடும்பத்தையும் கூட்டிப் போகலாம். குடியிருப்பில் வீடும் பள்ளியும் உண்டு. மறுபடியும் சொல்ல வேண்டியிருக்கிறது: அது முதல் வாசலில் நுழைந்தவருக்கு. ஒப்பந்தக்காரரின் ஆளாகப் போகிறவர் வாடகை அறையில் நாலு பேரோடு படுத்துக்கொண்டு, தீபாவளிக்கு ஊர் வருவார். அது படை வாழ்க்கையைவிட மோசம். அங்கே விடுப்புக்காவது சம்பளம் இருந்தது. அப்படிப் போவதைவிட மாரிக்குப்பம் ரயிலே மேல் என்று மனைவி சொன்னால், அவர் கணக்கு தப்பு அல்ல.

புதியவர்களின் நிலைமை வேறு. 2022-ல் வந்த அக்னிபத் திட்டத்தில் சேர்ந்த முதல் தொகுதிக்கு நான்கு ஆண்டு 2026 இறுதியில் முடிகிறது. நூற்றில் இருபத்தைந்து பேரைத்தான் படை நிரந்தரமாக வைத்துக்கொள்ளும். மற்றவர்கள் இருபத்திரண்டு, இருபத்தைந்து வயதில் ஏறக்குறைய 11.7 லட்ச ரூபாயோடு வெளியே வருவார்கள். ஓய்வூதியம் கிடையாது. பழைய சிப்பாய்க்கு இரண்டாவது வேலை கூடுதல் வருமானம். இவர்களுக்கு அதுதான் முதல் வாழ்க்கை. ஓய்வூதியம் என்ற பாய் கீழே விரித்திருக்காதவர் ஒப்பந்த வாசலில் நுழைந்தால் விழும் இடம் கட்டாந்தரை. வயது மட்டும் அவர்கள் பக்கம் இருக்கிறது. அதை வீணாக்காமல், படையில் இருக்கும்போதே ஐ.டி.ஐ.க்கு இணையான சான்று வாங்கிக்கொண்டவர் தப்பிப்பார்.

வேலைகள் வரத்தான் போகின்றன. 2047-க்குள் ஒரு லட்சம் மெகாவாட் அணுமின்சாரம் என்று 2025 பட்ஜெட் இலக்கு வைத்தது. கைகாவில் ஐந்தாம், ஆறாம் உலைகள் தலா 700 மெகாவாட்டில் வரவிருக்கின்றன. கூடங்குளத்தில் கட்டுமானம் நடக்கிறது. 2025 டிசம்பரில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டம் இந்தத் துறையைத் தனியாருக்கும் திறந்துவிட்டது. வாசல்கள் கூடும். அவற்றில் எத்தனை முதல் வாசல், எத்தனை மூன்றாம் வாசல் என்பதை யாரும் முன்கூட்டிச் சொல்லப் போவதில்லை. விண்ணப்பிக்கிறவர்தான் கேட்க வேண்டும்.

கேட்க வேண்டியவை மூன்றுதான். என் நியமனக் கடிதத்தில் கையெழுத்திடுவது யார், நிலையமா ஒப்பந்தக்காரரா? என் கதிர்வீச்சுக் கணக்கின் நகல் எனக்குக் கிடைக்குமா? வரம்பை எட்டினால் என் சம்பளம் என்ன ஆகும்? மூன்றுக்கும் எழுத்தில் நல்ல பதில் இருந்தால், அணு என்ற சொல்லுக்கு மட்டும் பயந்து ஒதுங்க வேண்டியதில்லை. பதில் வாய்மொழியாக மட்டும் வந்தால், சம்பளம் எவ்வளவு என்று கேட்கும் முன்பே எழுந்துவிடலாம். இந்தக் கேள்விகளைக் கேட்கத் தெரியாமல் ஒரு தலைமுறை ஷாஃப்டில் இறங்கியது. கேட்கத் தெரிந்த தலைமுறைக்கு, அதே துணிச்சலைக் கொஞ்சம் நல்ல விலைக்கு விற்கும் வாய்ப்பு இருக்கிறது.